பரணிலிருந்து இறங்கிய தட்டுகளுக்கு எந்த ரெக்கார்ட் பிளேயர்?

ரெக்கார்ட் பிளேயர் வாங்க ஆலோசனை கேட்கிறவர்கள் சென்னையில் இரண்டு வகை. அப்பாவோ தாத்தாவோ சேர்த்த தட்டுகள் பரணில் கிடந்து, வீடு மாற்றும்போது கண்ணில் பட்டு ஆசை வந்தவர்கள் ஒரு வகை. வீட்டில் ஒரு தட்டும் கிடையாது, நண்பர் வீட்டில் ஒரு மாலை கேட்டுவிட்டு வந்த மயக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இன்னொரு வகை. கடையில் இருவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இந்த மாடல் நல்லா போகுது சார்." ஆனால் இருவருக்கும் ஏற்ற பிளேயர் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இரண்டு தரப்பும் கேட்பது "அந்த இதமான ஒலி". அதிலும் இரண்டு இருக்கிறது. பிளேயரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பிரித்துவிடலாம்.

## எந்த இதம் வேண்டும்?

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நினைவில் வைத்திருக்கும் இதம், ரேடியோவும் ரெக்கார்ட் பிளேயரும் ஒன்றாக இருந்த ரேடியோகிராமுடையது. மரப்பெட்டி, காகிதக் கூம்பு ஸ்பீக்கர், வால்வு ஆம்ப்ளிஃபயர், செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக மாற்றுவதுதான் கார்ட்ரிட்ஜ்). அந்தக் கூட்டணியில் மேல் ஸ்தாயி ஒலிகள் பாதி வெளியே வரவே வராது. ஜால்ராவும் சிம்பலும் மங்கி, குரலும் வயலினும் மட்டும் முன்னால் நிற்கும். மங்கல்தான் அங்கே இதம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறைய பேருக்கு அதுதான் பாட்டு.

இன்னொன்று, ஒழுங்கான காந்தக் கார்ட்ரிட்ஜ் போட்டு எல்பி கேட்கும்போது வருவது. கீழ் ஸ்தாயி நிறைவாக இருக்கும், குரலுக்கு ஒரு கனம் இருக்கும், மேல் ஒலிகளும் இருக்கும், ஆனால் காதைக் குத்தாது. எல்பி வெட்டும்போது பாஸைக் குறைத்து, டிரெபிளை ஏற்றித்தான் பள்ளத்தில் பதிகிறார்கள். கேட்கும் பக்கத்தில் ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுக்கிறது. 1954-இல் வந்த ஆர்ஐஏஏ என்ற வளைவு இதற்கான பொது அளவு. வெட்டும் பொறியாளர் 'ஸ', 'ச' போன்ற சீறல்களை அடக்கியாக வேண்டும், பாஸை நடுவில் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி தாவிவிடும். இந்தக் கட்டாயங்களிலிருந்து வருகிற பதம் இது.

முதல் வகை இதத்தைத் தேடுகிறவர் லட்ச ரூபாய்க்கு நவீன செட் வாங்கினால், "சிடி மாதிரியே இருக்கே" என்று முகம் சுளிப்பார். இரண்டாவது வகையைத் தேடுகிறவர் பழைய பெட்டி பிளேயரை வாங்கினால் ஒரு வாரத்தில் பரணுக்கு அனுப்பிவிடுவார்.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடுவது

முதல் கேள்வி உங்கள் தட்டுகள். நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 12 அங்குல எல்பி என்றால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குல சினிமாப் பாட்டுத் தட்டுகள் பெரும்பாலும் 45. கையில் கனமாக, கீழே போட்டால் உடைவது போல இருப்பவை 78. இந்தியாவில் 78 தட்டுகள் 1960-களிலும் அச்சாயின (பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78-இல் வந்திருக்கின்றன), அதனால் தாத்தா பெட்டியில் அவை இருப்பதில் வியப்பில்லை. 78-இன் பள்ளம் அகலமானது. எல்பி ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது கிட்டத்தட்ட 70. எல்பி ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உருண்டு, இரைச்சலைத்தான் பொறுக்கிக்கொண்டு வரும். வேகம் 78 இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாங்காதீர்கள்.

இரண்டாவது, ஊசி தட்டின் மேல் எத்தனை கிராம் அழுத்துகிறது, தேய்ந்தால் அதே ஊசி நாளைக்குக் கிடைக்குமா. வைர முனைதான், ஆனால் அதுவும் தேயும். ஆடியோ-டெக்னிகா தன் கூம்பு முனைக்குச் சுமார் 500 மணி நேரம், நீள்வட்ட முனைக்கு 300 என்று சொல்கிறது. தினமும் ஒரு எல்பி கேட்கிற வீட்டில் நீள்வட்ட முனை ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

அப்புறம் மொத்தச் செலவு. பிளேயர் விலை பாதிதான். மின்சாரம், எர்த், கடற்காற்று ஆகியவற்றுக்கு என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாக, வீட்டில் யார் கையாளப்போகிறார்கள். இது யாரும் கேட்காத கேள்வி. என் கணக்கில் முதல் மூன்றுக்குள் வர வேண்டியது.

## சூட்கேஸ் பிளேயர்

பார்க்க அழகு, மூடினால் பெட்டி, ஸ்பீக்கரும் உள்ளேயே. பத்தாயிரம் ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. பரிசுக் கடைகளில் இதுதான் நிற்கிறது.

எல்பி-க்கு உகந்த அழுத்தம் பொதுவாக 1.5 முதல் 3 கிராம். இவற்றில் பல 5 கிராமோ அதற்கு மேலோ அழுத்துகின்றன, குறைக்க வழியும் கிடையாது. ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில் இருப்பதால், ஒலியைக் கூட்டினால் பெட்டி அதிர்ந்து ஊசியும் அதிர்கிறது. அதனால் தயாரிப்பவர்களே பாஸை வெட்டிவிடுகிறார்கள். பாஸ் இல்லாத இடத்தில் எந்த வகை இதமும் இருக்காது. 78 வேகம் இருக்கும், அதற்கான ஊசி பெரும்பாலும் இருக்காது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் ஆர்வம் நிற்குமா என்று பார்க்க, ஏற்கெனவே கீறல் விழுந்த நாலு தட்டுகளோடு வாங்கிக் கொடுக்கலாம். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வாங்கிய புது எல்பியை இதில் வைக்க எனக்கு மனசு வராது.

## ஆட்டோமேட்டிக் பிளேயர், பவர்டு ஸ்பீக்கர்

ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் இந்த வகைக்கு நல்ல உதாரணம். பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றுவது), 33⅓, 45 மட்டும். பொத்தானை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை தானாக எழுந்து, தட்டின் ஓரத்தில் இறங்கி, முடிந்ததும் திரும்பி உட்கார்ந்துவிடும். ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. கூடவே வரும் ஒயரின் இரண்டு ஆர்சிஏ முனைகளை எடிஃபயர் மாதிரி ஒரு ஜோடி பவர்டு ஸ்பீக்கரில் (ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) செருகினால் வேலை முடிந்தது.

ஊசி கூம்பு முனை, அழுத்தம் சுமார் 3 கிராம். கூம்பு முனையின் ஒலி இயல்பாகவே கொஞ்சம் மென்மையானது, பழைய தட்டின் அழுக்கையும் தேய்மானத்தையும் அதிகம் வெளிச்சம் போடாது. இதமான ஒலி என்று கேட்பவருக்கு இது பாதகமில்லை. எங்கே சறுக்கும் என்றால் தட்டின் உள்வட்டத்தில். வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் வினாடிக்கு 50 செ.மீ. ஓடுகிற பள்ளம், லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே அளவு ஒலி குறுகிய இடத்தில் நெருக்கிப் பதிந்திருப்பதால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் 'ச' சற்றுத் துப்பும்.

ஊசியை மாற்றலாம், கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது. அதாவது, இதன் ஒலி இன்றைக்கு எப்படியோ அப்படியேதான் என்றைக்கும். அடுத்த படிக்குப் போக நினைத்தால் பிளேயரையே விற்க வேண்டும். இதிலேயே புளூடூத் மாடலும் வருகிறது. ஒயர் இழுக்க முடியாத வாடகை வீட்டுக்கு வசதி, ஆனால் பாட்டு டிஜிட்டலாக மாறித்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. தட்டைக் கழுவித் துடைத்து வைப்பதெல்லாம் எதற்கு என்ற கேள்வி எனக்கு உண்டு, உங்களுக்கு இல்லாமலும் இருக்கலாம்.

இந்த வகையின் பெரிய நியாயம் வயதானவர்கள் இருக்கும் வீடு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா ஒரு தட்டைப் போட்டுவிட்டுக் கண் அசந்தால், மேனுவல் பிளேயரில் ஊசி கடைசிப் பள்ளத்திலேயே சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டிருக்கும். கை நடுங்குகிறவருக்கு ஊசியைத் தூக்கி வைப்பதும் பயம். இங்கே அந்தக் கவலை இல்லை.

## மேனுவல் பிளேயர், தனி ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர்

காதில் கேட்கும் பெரிய தாவல் இங்கேதான் இருக்கிறது. காரணம், இங்கே எல்லாம் மாற்றக்கூடியவை.

கடைகளில் அடிக்கடி மோதிக்கொள்பவை மூன்று. ரேகா பிளேனார் 1: பெல்ட் டிரைவ், எளிமையான வடிவம், கார்ட்ரிட்ஜ் பூட்டியே வரும், எதிர் எடையை வைத்தால் போதும். வேகத்தை 33⅓-இலிருந்து 45-க்கு மாற்ற, தட்டைத் தாங்கும் வட்டை எடுத்துவிட்டு பெல்ட்டைக் கையால் நகர்த்த வேண்டும். சினிமா 45 தட்டுகள் நிறைய வைத்திருப்பவருக்கு இது நாலாவது பாட்டிலேயே அலுத்துவிடும். ப்ரோ-ஜெக்ட் டெபியூ கார்பன் ஈவோ: பெல்ட் டிரைவ்தான், ஆனால் வேகம் பொத்தானில் மாறும். பெரும்பாலும் ஆர்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜோடு வருகிறது. தெளிவான கார்ட்ரிட்ஜ், இதம் என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடுதல். மூன்றாவது ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ்: டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றுவது), 33⅓, 45, 78 மூன்றும் உண்டு, ப்ரீஆம்ப் உள்ளேயே, யுஎஸ்பி வழியாகக் கணினியில் பதிவு செய்துகொள்ளலாம்.

பரண் பெட்டிக்காரர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றாவதை. நுட்பமான ஒலி என்று ஒப்பிட்டால் ரேகா இதைவிட ஒரு படி மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எல்பி120எக்ஸ்-இல் வரும் விஎம்95 கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் மாற்றலாம். கூம்பு, நீள்வட்டம், அவற்றைவிட நுட்பமாகச் சீவிய மைக்ரோலீனியர், ஷிபாட்டா, 78-க்கென்றே எஸ்பி என்று அந்த வரிசையில் எல்லாம் இருக்கின்றன. தாத்தாவின் 78, அப்பாவின் எக்கோ, இன்ரெகோ கம்பெனி எல்பிகள், நீங்கள் வாங்கும் புதுத் தட்டு மூன்றையும் ஒரே பிளேயர் சமாளிக்கும். செராமிக் கார்ட்ரிட்ஜின் கனத்தில் பல வருஷம் தேய்ந்த பழைய எல்பி-க்கு மைக்ரோலீனியர் போட்டுப் பாருங்கள். அந்த முனை பள்ளத்தின் சுவரில் வேறு இடத்தைத் தொடுவதால், போய்விட்டது என்று நினைத்த தட்டு சில சமயம் உயிரோடு வரும்.

ஊசி அழுத்தத்தை நாமே வைப்பது பலரை மிரட்டுகிறது. அப்படி ஒன்றும் இல்லை. சறுக்கலைச் சமன்செய்யும் ஆன்டிஸ்கேட்டிங் குமிழைச் சுழியில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, பின்னாலுள்ள எடையைத் திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் கை மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதந்து நிற்கும். எடையை அசைக்காமல், முன்னாலிருக்கும் எண் வளையத்தை மட்டும் சுழிக்குக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து 2 வரும்வரை திருப்பினால் 2 கிராம். ஆன்டிஸ்கேட்டிங்கையும் 2-க்கு. ஐந்து நிமிட வேலை.

ஆம்ப்ளிஃபயருக்கு உடனே புதிதாகச் செலவு செய்யாதீர்கள். 1980-களின் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் யார் வீட்டிலாவது தூங்கிக்கொண்டிருக்கும், அவற்றில் பலவற்றில் 'ஃபோனோ' என்று தனி நுழைவு உண்டு. காந்தக் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சில மில்லிவோல்ட்தான். அதை ஏற்றி, வளைவைத் திருத்துவது அந்த நுழைவின் வேலை. ஒரு எச்சரிக்கை: பிளேயரிலேயே ப்ரீஆம்ப் இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பாட்டு உடைந்து அலறும். "பிளேயர் கோளாறு" என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோகிறவர்களில் கொஞ்சம் பேர் கதை இதுதான்.

வால்வு ப்ரீஆம்ப் வாங்கினால் இதம் கூடுமா? கூடும், நல்லதாக இருந்தால். ஆனால் அதே பணத்தை ஸ்பீக்கரில் போட்டால் இன்னும் கூடும். என் வரிசை இது: ஸ்பீக்கர், ஊசி, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், கடைசியாகத்தான் ஒயர்.

## பழைய பிளேயரைச் சரிசெய்து வைத்துக்கொள்வது

ரேடியோகிராம் இதம் வேண்டும் என்றால் நேரான வழி இதுதான். எச்எம்வி ஃபியஸ்டா, பிலிப்ஸ் பெட்டி பிளேயர்கள், தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் கேரார்டு சேஞ்சர்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு வியாபாரிகள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். பழைய தட்டு, பழைய பெட்டி தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு நடை போய்வருவது வழக்கம். (வாங்கிய தட்டை மே மாதம் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். திரும்பி வரும்போது அது அப்பளமாக நெளிந்திருக்கும்.)

ஜப்பானிலிருந்து வந்த டெக்னிக்ஸ், பயோனியர், சான்சுயி பிளேயர்களும் உண்டு. கட்டமைப்பில் இன்றைய நடுத்தர பிளேயர்களை ஓரம் கட்டும் சில இவற்றில் இருக்கின்றன. ஆனால் ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் புகை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிவிடலாம், ஆனால் அது வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். பழைய பெல்ட் பிளேயர்கள் பலவற்றில் இருக்கும் சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸுக்கான புல்லியோடு (பெல்ட்டை இழுக்கும் சிறு சக்கரம்) வந்தது நம் 50 ஹெர்ட்ஸில் ஓடினால் 33⅓-க்குப் பதில் சுமார் 28 சுற்றுதான் வரும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார். 50 ஹெர்ட்ஸ் புல்லி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை. சுற்றும் வட்டைத் தூக்கி பெல்ட்டை விரலில் எடுங்கள். மோட்டார் புல்லியில் உட்கார்ந்திருந்த இடத்தில் அது மடிந்தபடியே நின்றால் ஆயுள் முடிந்தது. விரலில் கருப்பாக ஒட்டினால் உருகியே விட்டது. பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் இருக்கும் பழைய மாடலில், சக்கரத்தின் ஓரத்தைச் சுற்றிலும் நகத்தால் தடவுங்கள். ஓரிடத்தில் பள்ளம் தட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டுக்' என்று ஸ்பீக்கரில் கேட்கும். கையின் அடிப்பகுதியை மெதுவாக ஆட்டிப் பார்த்தால் லொடலொடப்பு இருக்கக் கூடாது. வேகம் சரியாக இருந்தால் நின்றது போலத் தெரிய வேண்டிய, வட்டின் ஓரத்து ஸ்ட்ரோப் புள்ளிகள் நிற்கவில்லை என்று எல்இடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கழிக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்ந்து மின்னும் விளக்கு வேண்டும், பழைய சோக் டியூப்லைட் போதும்.

மறைந்திருக்கும் செலவு மெக்கானிக். இந்த வேலை தெரிந்தவர்கள் வயதானவர்கள், ஆட்கள் குறைவு. தெரிந்த ஒருவர் இருந்தால் இந்த வழியை யோசியுங்கள். ஒருவரும் இல்லை, நமக்கும் சால்டரிங் பிடிக்க வராது என்றால், வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஊசி அழுத்தம் | 78 தட்டு | மாற்ற முடிவது | கூடவே வரும் செலவு |
|---|---|---|---|---|
| சூட்கேஸ் | பலவற்றில் 5 கிராம் அல்லது அதற்கு மேல் | வேகம் உண்டு, ஊசி சந்தேகம் | ஊசி மட்டும் | தட்டுகளின் தேய்மானம் |
| ஆட்டோமேட்டிக் | சுமார் 3 கிராம், நிலையானது | எல்பி60எக்ஸ்-இல் இல்லை | ஊசி மட்டும் | பவர்டு ஸ்பீக்கர் |
| மேனுவல் | நாமே வைப்பது, பெரும்பாலும் 2 கிராமை ஒட்டி | சில மாடல்களில் | ஊசி, கார்ட்ரிட்ஜ், எல்லாம் | ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், சிலவற்றுக்கு ப்ரீஆம்ப் |
| பழையது | மாடலைப் பொறுத்து | 1950, 60-களின் மாடல்களில் வழக்கம் | மாடலைப் பொறுத்து | மெக்கானிக், டிரான்ஸ்ஃபார்மர், புல்லி |

## பில்லில் வராத செலவுகள்

இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் கரண்ட் போனதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று ஆரம்பிக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், கரண்ட் வரும்வரை தட்டை ஓட்டாமல் இருப்பது நல்லது. பழைய ஃபிளாட்களில் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான் இருக்கும், எர்த் வந்திருக்காது. பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் கட்டியும் ஹம் நிற்கவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கார்ட்ரிட்ஜை மாற்றாதீர்கள்.

பிளேயரை வைக்கும் இடத்தில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம். சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி இருந்தால் அதற்கு மேல் ஒரு ஸ்டாண்டும் வேண்டாம். கனமான கல், ஆடாது. ஸ்பீக்கரை மட்டும் அதே கல்லில் வைத்துவிடக் கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் இருப்பவர்கள் ஆர்சிஏ முனைகளை அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும், உப்புக் காற்று அவற்றைச் சும்மா விடாது. மழைக்காலம் முடிந்ததும் தட்டு உறைகளைப் பிரித்துப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கழுவ போர் தண்ணீர் வேண்டாம், பள்ளத்தில் உப்புப் படியும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி டிஸ்டில்டு வாட்டர் போதும். எல்பியில் அதோடு கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். 78 தட்டில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

மின்விசிறி நாலில் ஓடும் அறையில் ஒரு லட்சத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் மார்கழியில்தான் கேட்கும். அதனால் மேலே மேலே போக வேண்டுமா என்று தயங்குகிறவர்கள் தாராளமாகத் தயங்கலாம்.

கடைக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் டெமோ தட்டை நம்பாதீர்கள். உங்கள் வீட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுபோங்கள், நிறைய கேட்டுத் தேய்ந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். 'ச' மிகவும் துப்பினால் கார்ட்ரிட்ஜ் கோணத்தைச் சரிசெய்து மறுபடி போடச் சொல்லுங்கள். செய்கிற கடையில் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஊசி மாற்ற அடுத்த வருஷம் அங்கேதான் போக வேண்டியிருக்கும்.